வெட்டிய இடது பக்கம்

நாகர்கோவில் புகைப்படக் கிளப்பில் தலைவர் வக்கீல் தாணுமூர்த்தி வைத்ததுதான் சட்டம். யார் படம் காட்டினாலும், "தேவையில்லாததை வெட்டும் வே" என்பார்.

அன்று பஸ் கண்டக்டர் எபனேசர், மீனோடு பறக்கும் மீன்கொத்தியைத் திரையில் காட்டினார். தலைவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"இயற்கை வேட்டைன்னு நான் பரிசு வாங்கின படத்துல உள்ள அதே பறவை, அதே குளம்! நான் படம் எடுத்த அன்னைக்கு அங்க என்னைத் தவிர ஈ காக்கா இல்ல. இது திருட்டுப் படம். நீர் எடுத்ததுன்னு நிரூபியும், இல்லன்னா கிளப்பை விட்டுப் போம்."

"நீங்க சொன்ன மாதிரி இடது பக்கத்தை வெட்டிட்டேன் சார். முழுசாக் காட்டட்டா?"

"காட்டும் வே!"

காட்டினார். இடது ஓரத்தில் தலைவர் குந்தியிருந்தார். பக்கத்தில் வாளி நிறைய உயிர்மீன். முன்னால், பறவை பாய்வதற்கென்றே மீன் விட்ட பிளாஸ்டிக் தொட்டி.

எபனேசர் பணிவாகக் கேட்டார்: "நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார். இதுல தேவையில்லாதது எது?"