ராஜா முதுகுக்கு வந்த சவுக்கடி

கொற்றிமங்கலத்தை ஆண்ட குணமாறன் நல்ல ராஜாதான். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நியாயம் கேட்டுப் போகக் கூடாது. அந்த வருஷம் வெள்ளத்தில் பயிரெல்லாம் அழுகிப்போச்சு. "கட்டின வரி நெல்லில் பாதியைத் திருப்பித் தர்றேன், போய் வாங்கிக்கோங்க" என்று ராஜா சொல்லிவிட்டார். ஊரே களஞ்சியத்துக்கு ஓடியது.

காத்தாயியும் ஓடினாள். சொந்த நிலத்தில் தானே உழுகிறவள். அந்த நெல் கிடைத்தால்தான் அவளுக்கு விதைப்பு. களஞ்சியக் கணக்கர் பூவராகர், "காத்தாயி அப்பவே வாங்கிட்டுப் போயாச்சு. நீ போலி" என்று சொல்லி, அவளைச் சபைக்கே இழுத்து வந்துவிட்டார்.

"மகாராஜா, எங்க சட்டம் ஒண்ணுதான். முதல்ல வந்தவர் அசல், அப்புறம் வந்தவர் போலி. போலிக்குச் சவுக்கடி."

"அடிங்க" என்றார் ராஜா. பசி.

"அடப்பாவி! நான்தான்யா காத்தாயி!" என்று கத்தினாள் அவள். "வரி கட்டுறப்போ பேரு, அப்பன் பேரு, ஊரு, வயலுன்னு எல்லாம் கேட்டீரு. உமக்குக் காது மந்தம். தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன். சந்தையே கேட்டுச்சு. எவனோ அதை அப்படியே ஒப்பிச்சு வாங்கிட்டுப் போயிருக்கான்."

அரசவையில் வடுகநம்பி என்று ஒருத்தர் இருந்தார். வேலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் வாய் சும்மா இருக்காது.

"கணக்கரே, வாங்கிட்டுப் போன காத்தாயிக்கு மீசை இருந்துச்சா?"

"நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கேட்டதுக்குச் சரியாப் பதில் வந்தா மூட்டையைத் தள்ளிடுவோம்" என்றார் பூவராகர், பெருமையாக.

"மகாராஜா, நீங்க சாப்பிட்டு முடிச்சதும் அடிக்கலாமே" என்றார் வடுகநம்பி. சாப்பாடு என்றதும் ராஜா எழுந்துவிட்டார். கணக்கர் களஞ்சியத்துக்குத் திரும்பினார். வடுகநம்பியும் நழுவினார்.

சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு ராஜா வந்து உட்கார்ந்தார். காத்தாயி அங்கேயே நின்றாள். சவுக்கோடு சேவகனும் நின்றான்.

"மகாராஜா, உங்க பங்கை வாங்கிட்டீங்களா?" என்றார், அதற்குள் திரும்பி வந்துவிட்ட வடுகநம்பி.

ராஜாவுக்கும் சொந்த வயல் உண்டு. அதற்கு அவரே அவருக்கு வரி கட்டுவார். ஏன் என்று கேட்காதீர்கள், ராஜாக்கள் அப்படித்தான்.

"அட, மறந்தே போச்சு! கணக்கரைக் கூப்பிடு!"

பூவராகர் வந்தார். தலை நிமிரவில்லை. "குணமாறன் பங்கா? குணமாறன் சற்று முன்னாடிதான் வாங்கிட்டுப் போனார்."

"யோவ், நான் இங்கேதானே சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்!"

"அப்ப நீங்க போலி" என்றார் பூவராகர்.

வடுகநம்பி சேவகனைத் திரும்பிப் பார்த்தார். "என்னப்பா நிக்கிறே? சட்டம் சட்டம்தானே. மகாராஜா, கொஞ்சம் முதுகைக் காட்டுங்க."

"எவன்டா அந்த ராஜா?" என்று ராஜா குதித்தார்.

"நான்தான். உங்க பேரு, அப்பா பேரு, தாத்தா பேரு, நட்சத்திரம், எல்லாத்தையும் கட்டியக்காரன் தினமும் காலையில தெருவுக்கே கேட்கக் கூவுறான். ஊரில் நாய்க்குக்கூட மனப்பாடம். சட்டப்படி முதல்ல வந்த நான் அசல். இப்ப சொல்லுங்க, சட்டம் தப்பா, உங்க முதுகு தப்பா?"

ராஜா முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சட்டம்தான்" என்றார், வேகமாக.

"அப்படின்னா காத்தாயிக்கு அவ நெல் உடனே போகணும். இனிமே வரி கட்டுறப்போ ஒவ்வொருத்தரும் ஒரு ரகசியச் சொல்லைக் கணக்கர் காதோட சொல்லிட்டுப் போகணும். புருஷன் பொண்டாட்டிக்குக்கூட அது தெரியக் கூடாது. வருஷா வருஷம் மாத்தணும். அதைச் சொன்னாத்தான் மூட்டை."

"எனக்குத்தான் காது மந்தமாச்சே" என்றார் பூவராகர்.

"அப்ப உன் வேலையை வேற யாருக்காவது கொடுக்கிறேன்" என்றார் ராஜா.

காத்தாயி மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு விதைக்கப் போய்விட்டாள். அந்த மீசைக்காரக் காத்தாயி பிடிபட்டானா என்றால், இல்லை.

ராஜா இடி மாதிரி சிரித்தார். "வடுகா, என் பேர்ல வாங்கின நெல்லை உனக்கே பரிசாக் கொடுத்தேன்!"

வடுகநம்பி கைகூப்பினார். "எதுக்கு மகாராஜா ரெண்டு தடவை? அந்த ராஜா அப்பவே எனக்குக் கொடுத்துட்டாரே!"