அறுபத்தோரு தடவை மூழ்கிய தோணி

சிங்கராயர் வந்த வேகத்தைப் பார்த்தால் யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி இருந்தது. கக்கத்தில் லேப்டாப். நாற்பத்தாறு வயசு மனுஷன், கப்பல் கிளியரிங் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, மூன்று வருஷமாக ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்து முடித்திருந்தார். புயலில் மாட்டிய தோணியை ராத்திரியோடு ராத்திரியாகத் துறைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அதுதான் விளையாட்டு. வியாழக்கிழமை வெளியீடு. இது ஓடாவிட்டால் பழைய ஆபீஸ் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

விளையாட்டு செய்யும் தொழிலைச் சொல்லிக்கொடுத்த மெஹருன்னிசா அவரைவிடப் பதினைந்து வயசு இளையவள். ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர்தான்.

"டீச்சர், இதைப் படிங்க. எழுத்துப்பிழை இருந்தா மட்டும் திருத்துங்க. இப்பவே போடப் போறேன்."

நாலு பக்கம் இருந்தது. முதல் வரியிலேயே 'முட்டாள்' என்று ஆரம்பித்திருந்தார்.

"யாருக்கு அண்ணாச்சி இது?"

"தில்லைநாயகம்னு ஒருத்தன். முன்னபின்ன தெரியாத ஆளு. விளையாடிப் பாத்துச் சொல்லுங்கன்னு முப்பது பேருக்குக் குடுத்தேன். தெரிஞ்சவங்க இருபத்தொன்பது பேரும் அருமைங்காங்க. இவன் என்ன எழுதிருக்கான் தெரியுமா? 'இது விளையாட்டு இல்லை, தண்டனை. இருட்டில் பாறையை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். செய்தவருக்கு மனசாட்சி உண்டா?' என்ன திமிரு பாருங்க! சோறு தண்ணி இல்லாம உழைச்சவன்கிட்ட மனசாட்சி இருக்கான்னு கேக்கான்!"

"பாறை கண்ணுக்குத் தெரியுதா அண்ணாச்சி?"

"ஏன் தெரியாம? கலங்கரை விளக்குக்கு இடது பக்கம் கிடக்கு!"

"வச்சது நீங்க, உங்களுக்குத் தெரியும்."

அது சிங்கராயர் காதில் ஏறவே இல்லை. "அவனுக்குக் கண்ணு நொள்ளைன்னா நான் என்ன செய்ய? போடட்டுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க."

"போடலாம். யார் யார் எவ்வளவு நேரம் விளையாடினாங்கன்னு பதிவாகியிருக்குமே, அதைத் திறங்க."

சிங்கராயர் முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். இத்தனை நாளும் அவர் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்ததில்லை. பாராட்டைப் படிக்கவே நேரம் சரியாக இருந்தது.

"மச்சினன் ஜெபஸ்டின்?"

"நாலு நிமிஷம்." சிங்கராயரின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஆபீஸ் சேக்காளி?"

"ஆறு."

"பாட்டுக்குழு மரியதாஸ்?"

சிங்கராயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். மரியதாஸ் விளையாட்டைத் திறக்கவே இல்லை.

"அடப்பாவி! முடிவைப் பாத்து அழுதுட்டேன்னு எழுதினானே! எதைப் பாத்துடா அழுத?" அவர் எழுந்தே விட்டார். "இருங்க டீச்சர், இப்பவே போன் போட்டு நாலு கேள்வி கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்!"

"உக்காருங்க. கடைசியா ஒரு பேரு இருக்கு."

தில்லைநாயகம். பத்தொன்பது மணி நேரம். தோணி மூழ்கியது அறுபத்தோரு தடவை. அத்தனையும் அந்த ஒரே பாறையில்.

சிங்கராயருக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அந்த நாலு பக்கத்தையும் அழித்தார்.

"அப்ப இவருக்கு என்ன பதில் எழுதட்டும், டீச்சர்?"

மெஹருன்னிசா திரையைத் தொட்டுக் காட்டினாள். தில்லைநாயகத்தின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுபத்தொன்று அறுபத்திரண்டாக மாறியது.

"பதிலை அப்புறம் எழுதிக்கலாம் அண்ணாச்சி. அவரு இப்பவும் உங்க தோணியிலதான் இருக்காரு. மொதல்ல அந்தக் கலங்கரை விளக்கைப் பாறைப் பக்கம் திருப்புங்க."