துவரை மாமன் தந்த பச்சைக் குடிசை

அந்தக் காலத்தில், செடியும் பூச்சியும் முறை சொல்லிப் பேசிக்கொண்டிருந்தபோது, பூவாயி என்ற ஒற்றைத் தேனீ மூங்கில் பொந்துக்குள் உட்கார்ந்து மகரந்தத்தைத் தேன் விட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கூட்டம் கிடையாது, ராணி கிடையாது. உருண்டை பிடிப்பதும் அவளே, முட்டை இடுவதும் அவளே.

கை பிசைந்தாலும் மனசு அடித்துக்கொண்டது. முன்பு பிறந்த மகள் இறக்கை முளைத்ததும் கோடை வெயிலில் வெளியே பறந்தாள். காட்டில் ஒரு பூ இல்லை. பசியோடு போனவள் திரும்பவில்லை.

மேல்கிளையில் இருந்த கூட்டுத் தேனீ எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, மறுபடியும் உருண்டையா? வயசுக்கு வந்த பெண்ணைக் குடிசையில் உட்கார வைக்கணும். அதைக் கட்ட உனக்கு அண்ணன் தம்பி யார் இருக்கா?"

பெண் பெரியவளானால் தாய்மாமன் பச்சைத் தழையில் குடிசை கட்டுவார். சொந்தக்காரர் வந்து அழைக்கும்வரை அவள் உள்ளேயே இருப்பாள். பூச்சிகளுக்கும் அப்போது அந்த முறை உண்டு.

பூவாயி உருண்டையை அப்படியே விட்டுவிட்டுப் பறந்தாள். வரப்பில் பூத்து நின்ற துவரையிடம் போய்த் தலை குனிந்து, "அண்ணே" என்றாள்.

துவரை சிரித்தது. "தினம் வந்து என் பூவைக் காயாக்கிட்டுப் போறவ, இன்னைக்குத்தான் வாயைத் திறந்திருக்கே. என்னம்மா வேணும்?"

"என் மகளுக்கு ஒரு குடிசை. கோடை முடியிற வரைக்கும் அவ வெளியே வரக்கூடாதுண்ணே."

"என் இலைதான் இருக்கே. வேணுங்கிறதை வெட்டிக்கோ."

"அவளை யார் கூப்பிடுவா? அப்போ நான் இருக்கமாட்டேனே."

"நானும்தான் காய்ஞ்சு போயிருப்பேன். மழைக்கு என் மகன் முளைப்பான். பூத்ததும் அவன் கூப்பிடட்டும். முறை மாப்பிள்ளைக்கு அதைவிட என்ன வேலை?"

பூவாயி வட்ட வட்டமாக இலை வெட்டினாள். பெண் பெரியவளான பிறகுதான் குடிசை கட்டுவது வழக்கம். அவளோ முட்டை இடுவதற்கு முன்பே மூங்கில் பொந்துக்குள் கட்டினாள். உள்ளே உருண்டையை வைத்து, அதன்மேல் முட்டையிட்டு, வாசலையும் இலையால் அடைத்தாள்.

"பிறக்காத பிள்ளைக்குக் குடிசையாம்!" மேலே இருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பூவாயி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடைத்த வாசலில் வாய் வைத்து, "தின்னுட்டுத் தூங்கு கண்ணு. யார் கூப்பிட்டாலும் வராதே. மாமன் மகன் கூப்பிட்டா மட்டும்..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "தங்கச்சி, இங்கே இன்னொரு பூ விரிஞ்சிருக்கு, வா!" என்று துவரை குரல் கொடுத்தது. பறந்துவிட்டாள்.

கோடை வந்தது, போனது. உள்ளே புழு தின்றது, தூங்கியது. மழை பெய்து, புதுத் துவரை மஞ்சளாய்ப் பூத்த காலையில், இலைக் கதவைக் கடித்துக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். நேராக மாப்பிள்ளை மடியில் போய் உட்கார்ந்தாள்.

அன்று முதல்தான் இலைவெட்டித் தேனீ பிள்ளைக்கு முன்னே குடிசையைக் கட்டுகிறது. அந்தப் பிள்ளையும் வெயில் காலத்தைத் தூங்கிக் கழித்து, துவரை பூத்து அழைக்கும்போது பெரியவளாக வெளியே வருகிறது.