பூஞ்சை போடாத குடுவை

தாணு வைத்தியர் ஐம்பது வயதுக்குமேல் கல்லூரிக்குப் படிக்கப் போனதற்குக் காரணம் அவர் பெற்ற பிள்ளைதான். ஆங்கில வைத்தியம் படித்துவிட்டு வந்த கையோடு, சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் அவன் சொன்னான்:

"மஞ்சள்காமாலை முக்கால்வாசிப் பேருக்குத் தன்னால சரியாகும்ப்பா. பேரு மட்டும் உங்க கீழாநெல்லிக்கு."

அன்றிலிருந்து வைத்தியருக்குச் சோறு இறங்கவில்லை. தாத்தா காலத்து மருந்து. அது உடம்புக்குள் போய் என்னவாக மாறுகிறது என்று கண்டுபிடித்துக் காட்டி, பிள்ளையின் வாயை அடைத்தாக வேண்டும்.

ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் ஜெசிந்தா மேடம். வைத்தியரைவிட இளையவர். மருந்தைக் கொடுத்துச் சோதிக்க எலி கேட்டவருக்கு, மண்ணில் வளரும் ஒரு பூஞ்சையைக் கொடுத்தார்.

"மருந்துச் சத்தை இதுக்கு ஊட்டுங்க. நம்ம ஈரல் அதை எப்படி மாத்துமோ, ஏறக்குறைய அப்படித்தான் இதுவும் மாத்தும்."

"ஈரலே இல்லாத பூஞ்சைக்கு ஈரலோட வேலை எப்படி மேடம் தெரியும்?"

மேடம் அவரை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். மக்கிய சருகுக்கு அடியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நீட்டினார். வைத்தியர் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கசக்குதா?"

"இல்லை."

"வருஷம் பூரா வேப்பிலை விழுது. கசப்பெல்லாம் எங்கே போச்சு?"

வைத்தியருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மேடம் கொஞ்சநேரம் அவர் முகத்தையே பார்த்து நின்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

வேலை ஆரம்பமாயிற்று. குடுவைகளில் உருளைக்கிழங்குச் சாறு, அதில் பூஞ்சை, அதற்கு மருந்துச் சத்து. எல்லாவற்றையும் எந்திரம் இதமான சூட்டில் குலுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு குடுவையில் மட்டும் பூஞ்சை போடக் கூடாது, சாற்றில் மருந்து மட்டும் சும்மா கிடக்கட்டும் என்று மேடம் சொல்லியிருந்தார்.

சில வாரம் கழித்து வைத்தியர், குடுவையில் உள்ள சத்துகளைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துக் காட்டும் ஒரு தகட்டோடு ஓடிவந்தார். நீல விளக்கில் பிடித்தால், மருந்தின் புள்ளிக்குக் கீழே புதிதாக ஒரு புள்ளி. பூஞ்சை மருந்தை மாற்றிவிட்டது. பிள்ளைக்கு அப்போதே போன் போடத் துடித்தார்.

"பூஞ்சை போடாத குடுவையில என்ன வந்தது?" என்றார் மேடம்.

"அதிலயும் இதே புள்ளிதான்."

"அதெப்படி?"

"பாவம், சும்மா கிடக்கேன்னு அதிலயும் கொஞ்சம் பூஞ்சை விட்டேன்."

மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேனே, வைத்தியரே."

"மேடம், எங்க வாசலுக்கு வந்த ஒருத்தரையும் மருந்து இல்லாம அனுப்பினது கிடையாது. எங்க தாத்தா காலத்துலேர்ந்து அதுதான் வழக்கம். கை கேட்கமாட்டேங்குது."

இரண்டாம் முறை அந்தக் குடுவையே இல்லை. கேட்டால், வெறுமனே ஆடுவதற்கு எந்திரத்தில் ஓர் இடம் எதற்கு என்று அங்கேயும் பூஞ்சை போட்ட குடுவையையே வைத்துவிட்டாராம். மேடத்துக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தேநீர் ஆறியே போயிற்று. இந்த மனிதரை வைத்துக்கொண்டு மாரடிக்க வேண்டியிருக்கிறதே என்று வாய்விட்டே சொன்னார். வைத்தியரும் சளைக்கவில்லை. புள்ளி கண்ணெதிரே இருக்கிறது, இந்தம்மா இல்லாத குடுவையைக் கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று நடைவழியில் போவோர் வருவோரிடமெல்லாம் புலம்பினார்.

மூன்றாம் முறை மேடமே அந்தக் குடுவையை நிரப்பி, வாயில் பிளாஸ்திரி ஒட்டிக் கையெழுத்தும் போட்டார்.

அதைப் பிரித்துப் பார்த்த அன்று மதியம் வைத்தியர் மேடத்தின் அறைக்கு வந்து, தகட்டை மேசையில் வைத்தார். பூஞ்சையின் வாடைகூடப் படாத குடுவையிலும் அதே புள்ளி இருந்தது. மருந்து, சாற்றின் சூட்டில் தன்னாலேயே மாறியிருக்கிறது.

"அப்ப பூஞ்சை ஒண்ணும் பண்ணலையா?"

"இந்தப் புள்ளியைப் பண்ணல."

வைத்தியருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கதானே மேடம் மண்ணை நக்கவெச்சு நம்பவெச்சீங்க. கசப்பைப் பூஞ்சைதான் தின்னுதுன்னு."

"நான் எங்கே சொன்னேன்? கசப்பு எங்கே போச்சுன்னுதான் கேட்டேன். மழை கரைச்சிருக்கலாம், வெயில் கெடுத்திருக்கலாம். நீங்க கேட்பீங்கன்னு நின்னு பார்த்தேன். கேட்கவே இல்ல."

வைத்தியர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் போய், முகம் வாடிவிட்டது. வெளியே எந்திரம் ஆடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப எங்க மருந்து பொய்யா மேடம்?"

"எனக்குத் தெரியாது. காமாலை வந்தும் மருந்து குடிக்காதவங்க என்ன ஆனாங்கன்னு பார்த்தாத்தானே தெரியும்."

"ஞாயித்துக்கிழமை பையன் வாறான். புள்ளி கிடைச்சிருச்சுன்னு ஏற்கெனவே சொல்லிட்டேன். அவன்கிட்ட இப்ப என்னன்னு சொல்ல?"

மேடம் தகட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"மருந்து இல்லாம உங்க வாசலைவிட்டு ஒருத்தரும் போனதில்லைன்னு சொன்னீங்களே, வைத்தியரே. அதைச் சொல்லுங்க."