பதிமூன்று சுற்று

கருவேலம்பாடு ஊராட்சிக்குப் புதிய தலைவர் வள்ளிமயில். நகரத்தில் ஐந்து நாள் பயிற்சி முடித்து, சான்றிதழோடு பஸ்ஸைவிட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள்.

அங்கே வால்வைத் திறந்து மூடும் ஆபரேட்டர் செல்லக்கனி. இருவருக்கும் கீழத்தெருதான். அந்தத் தெருக் குழாயில் ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் ஆகும். அதைச் சரிசெய்வேன் என்று சொல்லித்தான் வள்ளிமயில் ஓட்டு வாங்கியிருந்தாள்.

“வாங்க தலைவரே. எல்லாம் படிச்சாச்சா?”

“கேலி பண்ணாத மதினி. பஞ்சாயத்தோட இருபத்தொன்பது அதிகாரமும் மனப்பாடம். எங்க தெருவுக்கு ஏன் தண்ணி வரலன்னு முதல் நாளே கேட்டேன். கேள்வியெல்லாம் கடைசி நாள்னாங்க. கடைசி நாள் போட்டோ எடுத்தாங்க.”

“போட்டோல நல்லா விழுந்தியா?”

“நீயாவது சொல்லித் தொலை. ஏன் வரல?”

செல்லக்கனி கீழத்தெரு வால்வுக் குழியின் மூடியைத் தள்ளினாள். நீள இரும்புச் சாவியை வள்ளிமயில் கையில் கொடுத்தாள்.

“திருப்பு.”

ஒன்று. இரண்டு. மூன்று.

“போதும். தினமும் இவ்வளவுதான்.”

“இன்னும் சுத்துதே?”

“சுத்தும். மொத்தம் பதிமூணு. மேலத்தெருவுக்குப் பதிமூணும் உண்டு.”

வள்ளிமயிலின் முகம் கறுத்தது.

“உன் குடமும் அந்தக் குழாயடியிலதான கெடக்கு? உன் பிள்ளையும் அந்தத் தண்ணிக்குத்தான அடிச்சுக்கிடுது? எப்படி மனசு வந்துச்சு, பாவி!”

“உனக்கு அஞ்சு நாள் பயிற்சி. எனக்குப் பதினாறு வருசப் பயிற்சி.”

“யார் குடுத்தா?”

“எனக்கு முன்னால இருந்தவர் மூணுன்னு காட்டினார். அவருக்கு யார் காட்டினாங்கன்னு நான் கேக்கல. ஒரே ஒரு நாள் நாலு சுத்தினேன். மறுநாள் மேலத்தெருக்காரங்க சாவியப் பிடுங்கிட்டாங்க. கால்ல விழுந்துதான் திரும்ப வாங்கினேன்.”

வள்ளிமயில் சான்றிதழைச் சேற்றில் போட்டாள். அதன்மேல் முழங்காலை ஊன்றி, மீதிப் பத்தையும் திருப்பினாள். மண்ணுக்கடியில் குழாய் உறுமியது.

கொஞ்ச நேரத்தில் செல்லக்கனியின் போன் அடித்தது. மேலத்தெருக்காரர், முன்னாள் தலைவர்.

“இங்க தண்ணி கொறஞ்சுபோச்சு. எவ அங்க வால்வத் தொட்டது?”

செல்லக்கனி போனைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு அதை வள்ளிமயிலிடம் நீட்டினாள்.

“இதுக்கு ‘தப்புதாங்கய்யா’ன்னு சொல்லத்தான் எனக்குத் தெரியும். வேற பதில் இருந்தா, இப்ப எனக்குச் சொல்லிக்குடு தலைவரே.”