அணைக்குள் மேய்ச்சல்

ஆடி பிறந்தால் மேல மாநிலம் அணையைத் திறந்து கீழ மாநிலத்துக்குத் தண்ணீர் விட வேண்டும். அணை வற்றிப்போனால் விட வேண்டியதில்லை. ஒப்பந்தம் அப்படி. ஆடி பாதி போய்விட்டது, கீழே நாற்றெல்லாம் கருகுகிறது. தண்ணீர் கேட்டு விவசாயிகள் அணை வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

விசாரிக்க வந்த நடுவரை வாசலிலேயே உட்காரவைத்து இளநீர் கொடுத்தார் அணைப் பொறியாளர். "உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை. வெயிலில் எதற்குக் கரையேறிக்கொண்டு?"

கீழ மாநிலத்து ஆட்டுக்காரி மொக்கத்தாயி கும்பிட்டாள். "அப்படின்னா உள்ளே புல் முளைச்சிருக்கும். எங்க ஊர்ல மேய்ச்சலே இல்லைங்கய்யா. என் ஆட்டை இறக்கிக்கிறேன்."

பதிலுக்குக் காத்திராமல் நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தாள். நானூறு செம்மறியும் திமுதிமுவென்று கரையேறின.

பொறியாளர் பதறி ஓடினார். "நிறுத்தும்மா. முதல் ஆடு இறங்கினால் அத்தனையும் இறங்கிடும். ஒன்று மிஞ்சாது, முழுகிச் செத்துப்போகும்."

மொக்கத்தாயி கோலைக் குறுக்கே நீட்டி ஆடுகளை நிறுத்தினாள்.

"எதுல முழுகும்னு நடுவரய்யா எழுதிக்கணுமாம். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."