தின்னச் சொன்ன புத்தகம்

லண்டன் பட்டணத்தில் கூரைக்கு ஓடு வேய்ந்து பிழைத்தவன் டாபின். பத்து வருஷம் பாட்டெழுதி ஒரு புத்தகம் போட்டான். அந்தக் காலத்து வழக்கப்படி முதல் பக்கத்தில் ஹார்ட்வெல் பிரபுவுக்குச் சமர்ப்பணம் எழுதி, அவர் விருந்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தான்.

பிரபு நடுவில் புரட்டி உரக்க வாசித்தார். தொப்பை பெருத்த மயிலைப் பற்றிய பாட்டு. விருந்தாளிகள் அவர் தொப்பையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

"என்னையா கேலி செய்கிறாய்? இந்தப் புத்தகத்தை இங்கேயே தின்னு! ஓர் எழுத்து மிச்சமிருந்தாலும் ஜெயில்தான்!"

டாபின் பணிவாக முதல் தாளைப் பிரித்து வாசித்தான்: "மாட்சிமை பொருந்திய ஹார்ட்வெல் பிரபு அவர்களுக்கு..."

பிறகு தயங்கினான். "தின்கிறேன் பிரபுவே. ஆனால் தங்கள் திருப்பெயரும் அல்லவா உள்ளே போகிறது? நாளைக் காலையில் அது எங்கே போய் விழும் என்று நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை."

கூடமே சிரிப்பில் குலுங்கியது.

"கீழே வை அதை!" என்று அலறினார் பிரபு.

"அப்படியானால் பசிக்கு என்ன தின்பது?"

வாயடைக்க வாத்துக்கறி வந்தது.

டாபினின் அடுத்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பிரபுவின் பெயர் இருந்தது.